தறி நின்ற ஞாயிறு

தறிக்காரருக்கு ஓய்வு நாள் அமாவாசை. சேலத்தின் கிழக்குப் பக்கம், அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும், வீட்டுக்கு வீடு குழித்தறி ஓடிய காலத்தில் மாதத்துக்கு ஒரு முறை, நிலவில்லாத நாளில்தான் தெரு அடங்கும். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே நாடா ஓடும் சத்தம் கேட்கும். ஞாயிறு என்பது பள்ளிக்கூடத்துக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் உரிய விடுமுறை. தறிக்கு அதுவும் ஒரு வேலைநாள்.

இப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்தவராக வாழ்வது அன்று முதலில் நாள்காட்டியோடு ஒரு தகராறாக இருந்தது. தெருவே தறியை நிறுத்தும் அமாவாசையன்று நூல் கிடைக்காது, கூட்டாள் வரமாட்டார், ஆகவே அன்றைய கூலி போகும். ஞாயிறு கோயிலுக்குப் போனால் அந்தக் கூலியும் போகும். நெய்த அளவுக்குக் கூலி வாங்கும் வீட்டில் மாதத்தில் ஐந்தாறு நாள் என்பது அரிசிக் கணக்கைத் தொடும் விஷயம். எனவே ஆராதனைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவில் வீட்டார் அத்தனை பேரும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். போய்விட்டால் தெருவுக்கும் தெரியும்: எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்க, ஒரு வீடு மட்டும் ஓய்ந்து கிடக்கும்.

இன்று குழித்தறி சில வீடுகளில்தான் மிச்சம். விசைத்தறி ஷிப்டு கணக்கில் ஓடுகிறது. பிள்ளைகள் ஜவுளிக்கடையிலும் மருத்துவமனையிலும் பெங்களூரு கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். பெரிய ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று ஆராதனைகள் நடக்கின்றன, தோதுப்பட்டதற்குப் போகலாம். கூலி இழப்பு என்ற பேச்சு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. போகாமல் இருந்தாலும் தெருவுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 6 பேர் கிறிஸ்தவர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. சேலம் மாவட்டத்தில் அந்த விகிதம் அதைவிடக் குறைவு. ஆனால் வரலாறு நீளம். ராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். காவி உடுத்தி, நாளுக்கு ஒரு வேளைச் சைவ உணவோடு நிறுத்திக்கொண்டவர் அவர். இந்தச் சமவெளி கிறிஸ்தவத்தை முதலில் பார்த்தது ஒருவர் சாப்பிடும் முறையில்தான் என்று சொன்னால் மிகையாகாது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1827இல், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் சேலத்தில் வேலையைத் தொடங்கினார். நான்கே ஆண்டில் இறந்துபோனார். 1840களில் இங்கே பணி செய்த ஜெர்மானியர் ஜான் மைக்கேல் லெக்லர் தச்சும் கொல்லு வேலையும் கற்றுத்தரும் தொழிற்பள்ளி ஒன்றை நடத்தினார். ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு இழைப்புளி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவர். அவர் பெயரில் சேலத்தில் ஓர் ஆலயம் நிற்கிறது. லண்டன் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போயின. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. கத்தோலிக்கருக்குச் சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது.

அன்று சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் சேர்ந்தது. அத்தனை பரப்புக்கும் குருக்கள் சில பேர். ஐயர் என்று சபையார் அழைத்த குரு ஓர் ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். வந்தால் ஞானஸ்நானம், திருவிருந்து, கல்யாணம், பஞ்சாயத்து எல்லாம் அந்த ஓரிரு நாளுக்குள் முடியும். மற்ற நாட்களில் சபையைத் தாங்கியவர் உபதேசியார். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் நடத்தி, ஞாயிறு பிரசங்கம் செய்து, மாலையில் வீடு வீடாகப் போவார். திண்ணையில் உட்கார்ந்து அவர் முதலில் கேட்பது ஜெபத்தைப் பற்றி அல்ல. பையன் பள்ளிக்கு வருகிறானா, மாமியார் எழுந்து நடக்கிறாரா, ஆடு ஈன்றதா என்று கேட்பார். கடைசியில்தான், "போன வாரம் கோயில்ல உங்களைக் காணலியே?"

அந்தக் கேள்விக்கு இரண்டு முகம் உண்டு. ஒருவர் வராததை இன்னொருவர் கவனித்தார் என்பது ஒன்று. ஒருவர் வாழ்க்கையில் இன்னொருவர் மூக்கை நுழைத்தார் என்பது மற்றொன்று. குடி, இரண்டாம் தாரம், வழக்கு என்று எதிலாவது மாட்டியவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி, அதைச் சபை முன்னால் அறிவித்த காலம் அது. அப்படி விலக்கப்பட்டவரின் பிள்ளைகள் எத்தனை ஞாயிறு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால், பழைய காலத்தின் மேல் முழுசாக ஏக்கம் கொள்ள மனம் வரவில்லை. இன்று அப்படி யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. சேகரங்கள் பெரிதாகிவிட்டன, நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஓர் ஆயர் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வீடு சந்திப்பு நடந்தாலே பெரிது.

வீட்டு ஜெபம் மாறிய விதம் இன்னும் நுட்பமானது. 1951இல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 73 பேர். அன்று பெரும்பாலான வீடுகளில் வேதப்புத்தகம் ஒன்று. அதை வாசிக்கத் தெரிந்தவரும் பெரும்பாலும் ஒருவர்தான், பள்ளிக்குப் போகும் பையன். விளக்கு வைத்ததும் அவன் வாசிக்க, பெரியவர்கள் கேட்பார்கள். 1871இல் வெளிவந்த ஹென்றி பவரின் மொழிபெயர்ப்பில் கிரந்த எழுத்தும் வடசொல்லும் மிகுதி. பையனுக்கு நாக்கு தடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, தலை நிமிராமல் அந்தச் சொல்லைத் திருத்துவார். கேட்டுக் கேட்டே சங்கீதங்களில் பாதியை மனப்பாடம் செய்தவர் அவர். இருட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பாட்டிக்கு அது துணைக்கு இருந்தது.

இன்று அதே மொழிபெயர்ப்பு கைப்பேசியில் இலவசம். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து பார்த்து வெளியான திருவிவிலியமும் இருக்கிறது. எளிய தமிழ் வேண்டியவர் அதை எடுக்கலாம். தேடினால் வசனம் ஒரு நொடியில் வரும். ஒரு வருஷத்தில் வேதத்தை முடிக்க அட்டவணை போட்டு, நாள் தவறினால் மணியடித்து நினைவூட்டும் செயலிகளும் உண்டு. காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் பூப்படத்தின் மேல் வசனம் வந்து விழுகிறது. அதற்கு 'ஆமென்' போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தபடி காதில் மாட்டிக்கொண்டு ஏசாயாவை முழுக்கக் கேட்ட பெண்களும் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டிக்கு அதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. ஆனால் ஒரே வீட்டில் நால்வரும் நான்கு நேரத்தில், நான்கு பகுதியைத் தனித்தனியே வாசிக்கிறார்கள். தப்பாக வாசித்தால் திருத்த யாரும் இல்லை.

உபவாசத்தில் மாற்றத்தை மணிக் கணக்கிலேயே சொல்லலாம். கத்தோலிக்கர் நற்கருணை வாங்குவதற்கு முன் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. 1953இல் தண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது. 1957இல் உணவைத் தவிர்க்க வேண்டிய நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. 1964இல் ஒரு மணி நேரம். தவக்காலத்தின் வாரநாள் முழுக்க நோன்பு என்றிருந்த உலக ஒழுங்கை 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருத்த, விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டு நாட்களே கட்டாய நோன்பாக மிஞ்சின. தளர்வு என்று முதியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நள்ளிரவு விதி இருந்தவரை மாலைத் திருப்பலி என்பதே நடைமுறையில் இல்லை; யாரால் சாயங்காலம் வரை பட்டினி இருக்க முடியும்? விதி தளர்ந்தபின்தான் பகல் வேலை முடித்துவிட்டு வருகிறவருக்கும் பூசை கிடைத்தது. ஷிப்டு முடித்து, கையில் பஞ்சுத் தூசியோடு மாலைப் பூசைக்கு வந்து நிற்கிறவர் அந்தத் தளர்வின் பயனாளி. பூசையும் லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது அதே 1960களில்தான்.

தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. பக்கம், லெந்து எனும் தவக்கால நாட்களுக்கு எழுதப்பட்ட விதி குறைவு, வீட்டு வழக்கம் அதிகம். நாற்பது நாள் கறி எடுக்காத வீடு, வெள்ளிதோறும் மதியம்வரை உபவாசம் இருக்கும் அம்மா, வெற்றிலையை விட்டுவிடும் தாத்தா. மிச்சமான காசு காணிக்கைப் பையில் விழும். இன்று இளையவர்கள் சிலர் லெந்து நாட்களுக்கு இன்ஸ்டாகிராமை விடுகிறார்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும். எதை விட்டால் கை நடுங்குகிறதோ அதை விடுவதுதானே உபவாசம்? தாத்தாவுக்கு வெற்றிலை எப்படியோ, பேத்திக்கு அது.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்துச் சபையைச் சொல்ல முடியாது. எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அதில் பெரும்பங்கு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையது. ஈரோட்டில் இருந்த லண்டன் மிஷன் ஊழியர் எச்.ஏ. பாப்லி கர்நாடக இசையை முறையாகக் கற்று, 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதி, கிராமங்களில் கதாகாலட்சேபம்போல் பாடிப் பிரசங்கித்தார். அன்று ஆர்மோனியம், கஞ்சிரா, தாளம். கீர்த்தனைப் புத்தகம் வரிசைக்கு ஒன்று இருந்தாலே அதிகம். பல்லவியை முன்னவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவார்கள். எனவே பாட்டு மெதுவாகப் போகும், மனதிலும் தங்கும். இன்று கீபோர்டு, டிரம்ஸ், சுவரில் வெள்ளைத் திரை. வரிகள் திரையில் வருவதால் புதிதாக வந்தவரும் முதல் நாளே சேர்ந்து பாடுகிறார். முன்பு அவர் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் நின்றிருப்பார். மின்சாரம் போய்விட்டால் மட்டும், மூன்றாம் சரணத்தில் ஆலயமே ஊமையாகிவிடுகிறது. பின்வரிசை முதியவர்கள் இரண்டு மூன்று பேர் தொடர்ந்து பாடுவார்கள்.

காணிக்கை அன்று அடுப்படியில் தொடங்கியது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். அது 'பிடி அரிசி'. ஞாயிறு ஆலயத்துக்குப் போகும். பணம் புருஷன் கையில் இருந்த வீட்டில், பெண் யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பிடிதான். நாளுக்கு இரண்டு முறை, பசிக்கும் நேரத்தில் கொடுத்தது. அறுப்பின் பண்டிகையில் பூசணியும் வாழைத்தாரும் ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய் பூசணியை வீம்புக்கு நூறு ரூபாய்க்கு எடுப்பவர் உண்டு. ஏலம் இன்றும் நடக்கிறது. பிடி அரிசி பல சபைகளில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஆலய வாசலில் கியூஆர் அட்டை. கணக்கு சுத்தம், ரசீது உடனே வருகிறது, பெண்களுக்குத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் சம்பளமும் இருக்கின்றன. தசமபாகம் மாதத்துக்கு ஒரு முறை தானாகவே போகும்படி அமைத்துவிட்டால் கொடுத்ததே நினைவில் இராது.

பெண்கள் பெற்றதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழப்புக் கணக்குப் போடுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அன்று சபையில் பெண்ணுக்குக் கிடைத்த உயர்ந்த வேலை வேதாகமப் பெண் என்பது. அடுத்த வீட்டு அடுக்களை வரை போய்ப் பேசலாம். பீடத்தில் ஏற முடியாது. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதல் பெண் குருவை அபிஷேகம் செய்தது. 2013இல் எக்கோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயர் ஆனார். பீடத்தில் சேலை கட்டியவர் அப்பம் பிட்கும்போது, முன்வரிசைப் பெண் குழந்தைகளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவர்களின் பாட்டிகளுக்கு அது கனவிலும் வராத காட்சி.

சாப்பாட்டையும் ஒரு பக்திப் பயிற்சியாகவே அன்று வைத்திருந்தார்கள். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைப் பற்றி எழுதிய தீர்மானம் கடுமையானது: சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, யார் சமைத்ததையும் யாரோடும் உட்கார்ந்து உண்ண வேண்டும். பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர்கள் உண்டு. சபையை விட்டே போனவர்களும் உண்டு. இன்று ஆண்டு விழாவில் அசன விருந்து நடக்கிறது. யாரும் பந்தி பார்ப்பதில்லை, பக்கத்து இலை யாருடையது என்று கேட்பதில்லை. அதே ஆலயத்தின் குடும்பங்கள் கொடுக்கும் கல்யாண விளம்பரத்தில் 'சி.எஸ்.ஐ.' என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது. நூற்றெழுபது ஆண்டில் இலை வரைக்கும் வந்தோம். தாலி வரைக்கும் இன்னும் போகவில்லை.

அம்மாபேட்டையிலிருந்து தெற்கே தெரியும் மலைகளுக்கும் அப்பால், நாமக்கல் பக்கம், கொல்லிமலை. அங்கே ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவெலினும் ஊழியம் செய்தார்கள். 1913இல் திருமணமாகி மலைக்குப் போன எவெலினை டோலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், பழமரம் நட்டார், பட்டுப்பூச்சி வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார். 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவெலின் மலையை மறக்கவில்லை. எழுபதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அதன்பின் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95ஆம் வயதில் இறந்தார், கல்லறை அந்த மலையிலுள்ள வாழவந்தியில். அவர்கள் மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்த பால் பிராண்ட். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் நடத்தக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அந்த அம்மா திரும்பவே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்லதான். ஆனாலும் வாழவந்திக்குப் போனவர்கள் நிறுக்காமல் இறங்குவதில்லை.

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். இரண்டும் பூட்டிய ஆலயத்தில் கடந்தன. செப்டம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டிடங்களும் திறக்க அனுமதி வந்தது. அந்த ஐந்து மாதத்தில் ஆராதனை கைப்பேசிக்குள் போனது. திருவிருந்தைத் திரை வழியாக நடத்தலாமா என்று சபைகள் வாதாடின. எழுந்து நடக்க முடியாத முதியவர் பல வருஷம் கழித்து ஆராதனையில் கலந்துகொண்டார். பெங்களூரில் இருக்கும் மகளும் அதே நேரத்தில் பார்த்தாள். அதிகாலை ஜூம் ஜெபம் அப்போது தொடங்கி இன்றும் பல இடங்களில் நடக்கிறது. கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: ஞாயிறு காலை, காபியோடு, சென்னையில் யாரோ ஒருவரின் பிரசங்கம். நன்றாகத்தான் பேசுகிறார், நம் ஐயரைவிட நன்றாகவே. ஆனால் நம் வீட்டில் யாருக்கு டெங்கு என்று அவருக்குத் தெரியாது.

பழைய திண்ணை வேலையைச் செய்ய இப்போது வேறு ஏற்பாடுகள் முளைத்திருக்கின்றன. கத்தோலிக்கரிடம் அன்பியம்: ஒரு தெருவில் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பார்கள். மற்றச் சபைகளில் வீட்டு ஜெபக் குழு. விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்தது இன்று எட்டு மணிக்கு மேல், ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்காக. வருகிறவர்களில் பெண்களும் முதியவர்களும்தான் அதிகம். ஆண்களில் பாதிப் பேர் ராத்திரி ஷிப்டு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தலைகாட்டுவார்கள். வேதப்பகுதியை யார் வாசிப்பது என்பதில் பிரச்சினை இல்லை. எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும், எல்லார் கையிலும் புத்தகம் இருக்கிறது. வாசிப்பு முடிந்து விண்ணப்பங்களைக் கேட்கும்போதுதான் பேச்சு நீள்கிறது: மூன்று வாரமாக வராத மூன்றாவது வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பது, நாளைக்கா மறுநாளா, போகும்போது கையில் ஏதாவது வாங்கிப் போவதா.